தீக்கோழியும் ஈ. கோலையும்: ஒரே வேதியியல், இருவேறு உலகங்கள்

ஈ. கோலை என்னும் பாக்டீரியாவுக்கு எது உண்மையோ அது யானைக்கும் உண்மை என்று பிரெஞ்சு உயிர்வேதியியலாளர் ழாக் மொனோ 1950-களில் கூறியதாக ஒரு கூற்று உயிரியலில் நெடுங்காலமாக எடுத்தாளப்பட்டு வருகிறது. மூலக்கூறு உயிரியல் ஒரு துறையாக உருப்பெற்ற அந்த ஆண்டுகளில் அது துணிச்சலான கூற்று. பின்னர் வந்த கண்டுபிடிப்புகள் அதில் பெரும்பகுதியை மெய்ப்பித்தன. ஆனால் அந்தக் கூற்று எந்த எல்லைவரை செல்லுபடியாகும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதை உண்மையாகவே இரண்டு உயிர்களை எதிரெதிரே நிறுத்திப் பார்த்தால்தான் சொல்ல முடியும். யானைக்குப் பதிலாகத் தீக்கோழியை எடுத்துக்கொள்வது எனக்கு இன்னும் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. இன்று வாழும் பறவைகளிலேயே மிகப் பெரியது அது. பறப்பதைக் கைவிட்டுத் தரையில் ஓடுவதற்கென்றே உடல் மாறியது. அதன் முட்டை, கண், கால் ஆகிய ஒவ்வொன்றும் பெரிய உடலாக இருப்பதன் விளைவுகளை வெளிப்படையாகக் காட்டுகின்றன.

தீக்கோழி ஆப்பிரிக்காவின் திறந்த புல்வெளிகளிலும் வறண்ட நிலங்களிலும் வாழ்கிறது. முழு வளர்ச்சியடைந்த ஆண் பறவை இரண்டரை மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும். எடை பொதுவாக 100 முதல் 150 கிலோ. எஷரிக்கியா கோலை, சுருக்கமாக ஈ. கோலை, வெப்ப இரத்த விலங்குகளின் குடலில் வாழும் கோல் வடிவ பாக்டீரியா. ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் தியோடர் எஷரிக் 1885-இல் குழந்தைகளின் மலத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்து விவரித்தார். அதன் நீளம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 500-இல் ஒரு பங்கு. எடை ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். எனவே 100 கிலோ எடையுள்ள தீக்கோழி ஒரு ஈ. கோலை செல்லைவிட லட்சம் லட்சம் கோடி மடங்கு கனமானது. அறிந்த உயிர்களுக்கு இடையே ஒப்பிடத்தக்க பெரிய இடைவெளிகளில் இதுவும் ஒன்று.

இந்த இடைவெளியைக் கண்டு முதலில் எழும் தவறான முடிவு, ஒன்று பழைய உயிர், மற்றது முன்னேறிய உயிர் என்பதாகும். இரண்டும் ஒரே பொது மூதாதையிலிருந்து வந்தவை. அந்த மூதாதை வாழ்ந்த காலம் 350 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது என்றே பெரும்பாலான மதிப்பீடுகள் சொல்கின்றன. அன்றிலிருந்து இன்றுவரை இரண்டு கிளைகளும் ஒரே அளவு காலத்தைக் கடந்து வந்திருக்கின்றன. இரண்டும் ஒரே அளவு கடுமையான இயற்கைத் தேர்வுக்கு உட்பட்டிருக்கின்றன. ஈ. கோலை தீக்கோழியின் பாட்டன் அல்ல, சமகாலத்து உறவு. அதிலும் அது வாழுமிடம் விலங்குகளின் குடல் என்பதால், விலங்குகள் தோன்றிய பிறகே அதன் இன்றைய வாழ்க்கைமுறை உருவாகியிருக்க முடியும். இந்த ஒப்பீட்டை ஏணிப்படிகளாகப் பார்ப்பவர்கள் முதல் படியிலேயே தவறிவிடுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

மொனோவின் கூற்று எங்கே முழுமையாகப் பொருந்துகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். இரண்டு உயிர்களும் மரபுச் செய்தியை டி.என்.ஏ.வில் எழுதிவைக்கின்றன, அதை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்து, செல்லின் புரதத் தொழிற்கூடங்களான ரைபோசோம்களில் புரதமாக மொழிபெயர்க்கின்றன. எந்த மூன்றெழுத்துக் குறியீடு எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கும் என்னும் அட்டவணையும் இரண்டிலும் ஒன்றே. அந்த அட்டவணையின் முதல் வரியை 1961-இல் மார்ஷல் நிரன்பெர்கும் ஹைன்ரிக் மத்தாயும் கண்டறிந்தபோது பயன்படுத்தியது ஈ. கோலை செல்களின் சாற்றைத்தான்: யுரேசில் என்னும் ஒரே எழுத்தை மட்டுமே கொண்ட ஆர்.என்.ஏ.வை அதில் இட்டதும் ஃபினைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தை மட்டுமே கொண்ட சங்கிலி உருவாயிற்று. ஒரு பாக்டீரியாவின் சாற்றில் கண்ட அந்த விதி தீக்கோழியின் தசையிலும் இறகிலும் மாற்றமின்றி நடக்கிறது. இந்தப் பொதுமை ஏட்டளவில் நிற்கவில்லை. 1978-இல் மனித இன்சுலினுக்கான மரபணுக்களை ஈ. கோலைக்குள் செலுத்தியபோது அது அவற்றைப் பிழையின்றிப் படித்து மனித இன்சுலினை உருவாக்கியது. 1982 முதல் அந்த இன்சுலின் மருந்தாகப் புழக்கத்துக்கு வந்தது. பறவையின் மரபணுவாக இருந்தாலும், அதில் இடையிடையே வரும், புரதத்துக்கான செய்தி இல்லாத இடையீட்டுத் துண்டுகளை நீக்கிக் கொடுத்தால், அது அவ்வாறே படிக்கப்படும்.

ஆற்றல் உருவாகும் முறையில் உறவு இன்னும் நெருக்கமானது. ஈ. கோலை தன் செல்சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் புரோட்டான்களைத் தள்ளி, அவை திரும்பிப் பாயும் வேகத்தில் ஏ.டி.பி. சிந்தேஸ் என்னும் நொதியைச் சுழலவைத்து, செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறுகளை உருவாக்குகிறது. தீக்கோழியின் கால் தசையில் இதே நொதி, இதே சுழற்சி, இதே புரோட்டான் ஓட்டம் நடக்கிறது. ஆனால் அது தசைச் செல்லின் வெளிச்சவ்வில் நடப்பதில்லை. உள்ளே இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் நடக்கிறது. மைட்டோகாண்ட்ரியா ஒருகாலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாவின் வழிவந்தது என்பது இன்று ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டிருக்கிறது. அந்த மூதாதை பாக்டீரியா ஆல்ஃபா புரோட்டியோபாக்டீரியா என்னும் பிரிவோடு தொடர்புடையது, ஈ. கோலை காமா புரோட்டியோபாக்டீரியா பிரிவைச் சேர்ந்தது. ஆகவே, மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் தீக்கோழியின் கால்களை இயக்கும் ஆற்றலை வழங்குவது ஈ. கோலையின் தூரத்து உறவினர்களின் வழித்தோன்றல்களே. இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் வியக்கவைக்கும் உண்மை இதுதான்: பெரிய பறவை ஒரு வகையில் பாக்டீரியாக்களுக்கு எதிர்ப்பதம் அல்ல, அவற்றையும் உள்ளடக்கிய கூட்டமைப்பு.

வேறுபாடுகளும் வேதியியலில் இல்லாமல் இல்லை. ஈ. கோலைக்கு உட்கரு கிடையாது, ஆகவே ஆர்.என்.ஏ. முழுமையாகப் படியெடுக்கப்படும் முன்பே ரைபோசோம்கள் அதன் முன்முனையில் ஏறிப் புரதம் செய்யத் தொடங்கிவிடுகின்றன. தீக்கோழியின் செல்லில் படியெடுப்பு உட்கருவுக்குள்ளும் மொழிபெயர்ப்பு வெளியிலும் நடக்கின்றன. பாக்டீரியாவின் ரைபோசோம் சற்றுச் சிறியது, அமைப்பிலும் வேறானது. ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் விலங்கின் செல்களைப் பெரிதும் பாதிக்காமல் பாக்டீரியாவைத் தாக்க முடிவதற்கு அந்தச் சிறு வேறுபாடே காரணம்.

ஆனால் இரு உயிர்களையும் உண்மையில் வெவ்வேறு உலகங்களுக்குள் தள்ளுவது வேதியியல் அல்ல, அளவு. ஒரு மூலக்கூறு எந்த உதவியுமின்றித் தானாகவே விரவிச் செல்வதற்கு ஆகும் நேரம் தூரத்தின் இருமடிக்கு ஏற்ப அதிகரிக்கிறது. ஈ. கோலைக்குள் ஒரு புரத மூலக்கூறு ஒரு முனையிலிருந்து மறுமுனையை ஒரு நொடிக்குள் அடைந்துவிடும். அதே வழியில் சர்க்கரை போன்ற சிறு மூலக்கூறு நீரில் ஒரு மீட்டர் தூரம் செல்ல வேண்டுமானால் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆகும். தீக்கோழியின் நுரையீரலிலிருந்து கால்விரல்வரை உள்ள தூரம் ஒரு மீட்டருக்கும் அதிகம். இதயம், இரத்தக் குழாய்கள், உட்கரு கொண்ட சிவப்பணுக்கள், நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைகள் ஆகிய அனைத்தும் இந்த ஒரே கணக்கைச் சரிசெய்வதற்காகவே இருக்கின்றன. ஈ. கோலைக்கு இதயம் இல்லாதது ஒரு குறையன்று. இதயம் தேவைப்படாத அளவில் அது வாழ்கிறது.

மேற்பரப்பின் கணக்கும் இதே போன்றதுதான். உடல் பெரிதாகும்போது கன அளவு கூடும் வேகத்துக்கு மேற்பரப்பு கூடுவதில்லை. தோராயமாகக் கணக்கிட்டால், ஒரே கன அளவு உயிர்ப்பொருளுக்கு ஈ. கோலையிடம் உள்ள வெளிப்பரப்பு, தீக்கோழியின் தோல்பரப்பைப்போல இரண்டு லட்சம் மடங்குக்கும் அதிகம். பாக்டீரியா தன் முழு உடலாலும் உண்ணலாம், முழு உடலாலும் சுவாசிக்கலாம். பறவையோ தன் பரப்பை உள்ளே மடித்துவைக்க வேண்டியிருக்கிறது: நுரையீரலின் நுண்குழாய்களும் குடலின் மடிப்புகளும் இழந்த பரப்பை மீட்டெடுக்கும் ஏற்பாடுகள்.

இந்த விதிக்குத் தீக்கோழியின் முட்டை விலக்குப்போலத் தோன்றலாம். கருவுறாத முட்டையின் மஞ்சள்கரு உயிரியல் நோக்கில் ஒரே செல். முழு முட்டையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ என்பதால், இன்று வாழும் உயிர்களிடையே மிகப் பெரிய செல்களில் அது ஒன்றாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்தச் செல்லில் உண்மையாக இயங்கும் பகுதி மஞ்சள்கருவின் மேற்புறத்தில் சில மில்லிமீட்டர் அகலத்தில் படிந்திருக்கும் மெல்லிய வட்டு மட்டுமே, மற்றதெல்லாம் சேமிப்பு. பாக்டீரியாக்களிடையேயும் இதே தீர்வைக் காண்கிறோம். 2022-இல் விவரிக்கப்பட்ட, கரீபியன் பகுதியின் அலையாத்திக் காடுகளிலிருந்து கிடைத்த தியோமார்கரிட்டா மாக்னிஃபிகா என்னும் பாக்டீரியாவின் ஒற்றைச் செல் ஒரு சென்டிமீட்டர் நீளம் வளர்கிறது. அதன் உட்பகுதியில் பெரும்பங்கு ஒரு வெற்றுப்பையே, இயங்கும் பொருள் ஓரத்தில் மெல்லிய அடுக்காக ஒதுங்கியிருக்கிறது. பறவையும் பாக்டீரியாவும் தனித்தனியே ஒரே விடைக்கு வந்திருக்கின்றன, ஏனெனில் இரண்டையும் கட்டுப்படுத்தும் விதி ஒன்று.

நகர்ச்சியில் இந்த வேறுபாடு மிகக் கூர்மையாக வெளிப்படுகிறது. ஈ. கோலை நொடிக்கு 20 முதல் 30 மைக்ரோமீட்டர் நீந்துகிறது. அது தன் உடல் நீளத்தைப்போல் பத்து முதல் பதினைந்து மடங்கு. தீக்கோழி உச்ச வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 19 மீட்டர் ஓடுகிறது. அது தன் உயரத்தைப்போல் ஏழு எட்டு மடங்கு. தன் உடலை அளவுகோலாகக் கொண்டு பார்த்தால் பாக்டீரியாவே வேகமானது. ஆனால் இந்த எண்கள் நெருங்கி நிற்பதைக் கொண்டு இரண்டும் ஒரே காரியத்தைச் செய்கின்றன என்று முடிவு கட்டக் கூடாது. ஓடும் தீக்கோழியின் உடலில் நிலைமம் ஆட்சி செய்கிறது: கால்களை நிறுத்தினாலும் உடல் முன்னே செல்லும், திரும்ப வேண்டுமானால் சாய்ந்து இறக்கைகளை விரித்துச் சமநிலை பேண வேண்டும், ஒவ்வொரு அடியிலும் தசைநாண்கள் இழுபட்டுச் சேமித்த ஆற்றலை அடுத்த அடிக்குத் திருப்பித் தர வேண்டும். ஈ. கோலைக்கு நிலைமம் என்பதே பொருளற்றது. நீரின் பாகுத்தன்மை அதன் அளவில் அவ்வளவு வலிமையானதாக இருப்பதால், உந்துவதை நிறுத்திய கணத்தில், ஓர் அணுவின் விட்டத்தைவிடக் குறைந்த தூரத்துக்குள் அது நின்றுவிடுகிறது. தேனில் அமிழ்ந்த மனிதர் நீந்த முயல்வதைவிட மோசமான நிலை அது. இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1976-இல் ஆற்றிய ஓர் உரையில் இந்தக் கணக்கைத் தெளிவாக விளக்கினார். கைகால்களை முன்னும் பின்னும் ஒரே வழியில் அசைக்கும் எந்த நீச்சலும் அந்த உலகில் ஒரு படிகூட முன்னேறாது என்பதும் அவர் எடுத்துக்காட்டியதே.

ஆகவேதான் ஈ. கோலையிடம் துடுப்பு இல்லை, சுழலும் திருகு இருக்கிறது. அதன் உடலிலிருந்து சில நீண்ட கசையிழைகள் கிளம்புகின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் செல்சவ்வில் பதிந்த ஒரு மோட்டார், புரோட்டான் ஓட்டத்தால் நொடிக்கு நூறு முறை அளவில் சுழல்கிறது. எல்லா மோட்டார்களும் இடஞ்சுழியாகச் சுழலும்போது கசையிழைகள் ஒரே கற்றையாகத் திரண்டு செல்லை நேராக உந்துகின்றன. சில மோட்டார்கள் வலஞ்சுழிக்கு மாறினால் கற்றை பிரிந்து செல் தடுமாறிப் புரண்டு, ஏதோ ஒரு புதிய திசையை நோக்கித் திரும்புகிறது. நேர் ஓட்டம் சராசரியாக ஒரு நொடி, புரளல் அதில் பத்தில் ஒரு பங்கு என்று ஹோவர்ட் பெர்கும் டக்ளஸ் பிரௌனும் 1972-இல் அளந்தார்கள். உணவு இருக்கும் திசையை நோக்கி அது நேராகத் திரும்பிச் செல்வதில்லை; நிலைமை மேம்படும்போது புரளலைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. நிலைமை மேம்படுகிறதா என்பதை அறிய, இப்போதைய செறிவைச் சில நொடிகளுக்கு முந்தைய செறிவோடு ஒப்பிடுகிறது. அந்த நினைவு உணர்வேற்பிப் புரதங்களில் ஒட்டும் மீத்தைல் தொகுதிகள் என்னும் சிறு வேதிக்குறிகளாகப் பதிவாகிறது. அதைவிட நீண்ட நினைவு அதற்குப் பயனற்றது, ஏனெனில் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளின் மோதலே பத்து நொடிகளுக்குள் அதன் திசையைக் குலைத்துவிடும்.

தீக்கோழி இதற்கு நேர்மாறாகத் தூரத்தை ஒரே பார்வையில் அறிகிறது. அதன் கண்விழி 5 சென்டிமீட்டர் விட்டமுடையது. நிலத்தில் வாழும் முதுகெலும்பிகளில் இதுவே மிகப் பெரிய கண். இரண்டு மீட்டருக்கு மேலான உயரத்தில் அந்தக் கண் அமைந்திருப்பதால், திறந்த சமவெளியில் வேட்டை விலங்கு நெருங்குவதை வெகு தொலைவிலேயே கண்டுகொள்கிறது. ஒன்று இடத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிறது; மற்றது காலத்தை ஒப்பிட்டுத் தீர்மானிக்கிறது. பாக்டீரியாவுக்கு அறிவில்லை என்று தள்ளிவிடுவதைவிட, அதன் அளவில் கிடைக்கக்கூடிய செய்தியை அது ஏறத்தாழ முழுமையாகப் பயன்படுத்துகிறது என்று சொல்வதே நேர்மையானது.

இனப்பெருக்கத்துக்கு வருவோம். உணவு நிறைந்த ஊடகத்தில், 37 டிகிரி வெப்பத்தில், ஈ. கோலை 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது. இந்த எண்ணைப் பலரும் அறிவர். ஆனால் அதற்குள் ஒரு புதிர் இருப்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அதன் வளைய வடிவக் குரோமோசோமில் ஏறத்தாழ 46 லட்சம் எழுத்திணைகள், அதாவது டி.என்.ஏ. எழுத்துகளின் சோடிகள், உள்ளன. ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து இரு திசையிலும் நொடிக்கு ஆயிரம் எழுத்துகள் வீதம் படியெடுத்தாலும் முழுவதையும் படியெடுக்க 40 நிமிடங்கள் ஆகும். பிறகு செல் பிரிய மேலும் 20 நிமிடங்கள். அறுபது நிமிட வேலையை முடிக்க வேண்டிய செல் எப்படி இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை பிரிகிறது? விடை: முதல் படியெடுப்பு முடியும் முன்பே அடுத்த படியெடுப்பும், அதற்கு அடுத்ததும் தொடங்கிவிடுகின்றன. வேகமாக வளரும் ஒரு செல், தன் பேத்திகளுக்கான டி.என்.ஏ.வைத் தான் பிறக்கும்போதே படியெடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு தலைமுறை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதே அங்கு மங்கிவிடுகிறது.

உணவும் இடமும் தீராமல் இருந்தால், ஒற்றை ஈ. கோலை செல்லின் வழித்தோன்றல்கள் சுமார் 57 இரட்டிப்புகளில், அதாவது 19 மணி நேரத்தில், ஒரு தீக்கோழியின் எடையை எட்டிவிடும். நடைமுறையில் அது ஒருபோதும் நடப்பதில்லை. உணவு சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இயற்கையில் ஈ. கோலை தன் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பட்டினியிலும் மந்த வளர்ச்சியிலுமே கழிக்கிறது.

தீக்கோழியும் ஒற்றைச் செல்லிலிருந்தே தொடங்குகிறது. எல்லாச் செல்களும் ஒரே சீராகப் பிரிவதாகக் கொண்டால், ஐம்பதுக்குக் குறைவான இரட்டிப்புகளே அந்தப் பெரிய உடலைக் கட்டப் போதுமானவை. ஆனால் அதற்கு ஏறத்தாழ 42 நாள் அடைகாப்பும், அதன்பின் ஓராண்டுக்கும் மேலான வளர்ச்சியும் தேவைப்படுகின்றன. இனப்பெருக்க முதிர்ச்சிக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகள். தாமதத்துக்குக் காரணம் பிரிவதன் வேகக்குறைவு மட்டுமன்று. எந்தச் செல் எலும்பாக வேண்டும், எது நரம்பாக வேண்டும், எது பிரிவதை நிறுத்த வேண்டும், எது இறக்க வேண்டும் என்ற ஒழுங்குதான் அந்தக் காலத்தை விழுங்குகிறது. பாக்டீரியாவின் வெற்றி எவ்வளவு பிரிகிறது என்பதில் இருக்கிறது. பறவையின் உடலில் ஒரு செல் கட்டுப்பாடின்றிப் பிரிந்தால் அதற்குப் பெயர் புற்றுநோய்.

கூட்டில் நடப்பதும் கவனிக்கத்தக்கது. தரையில் தோண்டிய குழியில் ஒரு முதன்மைப் பெட்டையும் வேறு சில பெட்டைகளும் முட்டையிடுகின்றன; அடைகாப்பதோ முதன்மைப் பெட்டையும் ஆணும் மட்டும்தான். பொதுவாகப் பகலில் பழுப்பு நிறப் பெட்டையும் இரவில் கருநிற ஆணும் அமர்கின்றன. ஒரு பறவையால் மூடிக் காக்கக்கூடியது இருபது முட்டைகள் அளவே. 1970-களில் கென்யாவில் ஆய்வு செய்த பிரையன் பெர்ட்ராம், முதன்மைப் பெட்டை தன் முட்டைகளை அடையாளம் கண்டு நடுவில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஓரத்துக்குத் தள்ளுகிறது என்பதைக் காட்டினார். ஓரத்தில் கிடக்கும் முட்டைகள் வேட்டை விலங்குகளுக்கு முதலில் இரையாகின்றன. ஒவ்வொரு வாரிசும் மிகுந்த செலவில் உருவாவதால், எது தன்னுடையது என்று அறிவது அங்கு முக்கியமாகிறது. தன் அச்சான நகலை இருபது நிமிடத்தில் உருவாக்கும் பாக்டீரியாவுக்கு அப்படியொரு கேள்வியே எழுவதில்லை.

மரபணுக்களின் எண்ணிக்கையில் உள்ள வேறுபாடு பலரும் நினைப்பதைவிடச் சிறியது. ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் கே-12 என்னும் ஈ. கோலை வகையின் மரபணுத்தொகுதி 1997-இல் முழுமையாக வாசிக்கப்பட்டது. அதில் புரதம் தரும் மரபணுக்கள் ஏறத்தாழ 4,300. தீக்கோழியின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 120 கோடி எழுத்திணைகள் இருக்கின்றன. மரபணுக்களோ சுமார் 16,000. எழுத்துகள் 250 மடங்குக்கு மேல், மரபணுக்கள் நான்கு மடங்குக்குக் குறைவு. ஈ. கோலையின் டி.என்.ஏ.வில் பெரும்பகுதி நேரடியாகப் புரதத்துக்கான செய்தி. பறவையில் அது மிகச் சிறு பங்கு. எந்த மரபணு எப்போது இயங்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை முதன்முதலில் தெளிவாக விளக்கியதும் ஈ. கோலைதான்: லாக்டோஸ் இருக்கும்போது மட்டும் அதைச் செரிக்கும் நொதிகள் உருவாவதை வைத்து 1961-இல் ஃபிரான்சுவா ஜாக்கோபும் மொனோவும் அந்தக் கோட்பாட்டை முன்வைத்தார்கள். தீக்கோழியில் அதே அடிப்படை எண்ணம், பல அடுக்குகளாகப் பெருகி, ஒரே மரபணுத்தொகுதியிலிருந்து இறகையும் கண்ணையும் இரைப்பையையும் உருவாக்குகிறது.

மொனோவின் கூற்று முற்றிலும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. அது இனம் என்னும் கருத்து. இரண்டு தீக்கோழிகளை எடுத்தால் அவற்றின் மரபணுப் பட்டியல் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்; வேறுபாடு எழுத்துப்பிழை அளவிலானது. ஈ. கோலையில் அப்படியில்லை. கே-12 வகை, உணவு நஞ்சாதலுக்குப் பேர்போன ஓ157:எச்7 வகை, சிறுநீர்ப்பாதைத் தொற்று உண்டாக்கும் ஒரு வகை ஆகிய மூன்றின் மரபணுத்தொகுதிகளை 2002-இல் ஒப்பிட்டபோது, மூன்றிலும் சேர்த்துக் கண்ட புரதங்களில் 40 விழுக்காட்டுக்கும் குறைவானவையே மூன்றுக்கும் பொதுவாக இருந்தன. மற்றவை வைரஸ்கள் வழியாகவும், பிளாஸ்மிட்கள் என்னும், குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் சிறு டி.என்.ஏ. வளையங்கள் வழியாகவும், பக்கவாட்டில் வந்து சேர்ந்தவை. 1946-இல் ஜாஷுவா லெடர்பெர்கும் எட்வர்ட் டாட்டமும் ஈ. கோலை செல்கள் தமக்குள் மரபணுக்களைக் கைமாற்றிக்கொள்வதைக் கண்டறிந்தார்கள். அந்தக் கைமாற்றம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் செல்வதல்ல, அயலாரிடமிருந்து அயலாருக்கு. எதிருயிரி மருந்துகளை எதிர்க்கும் ஆற்றல் இவ்வளவு விரைவாகப் பரவுவதும் அதனால்தான்.

இங்கே பெயரிடும் மரபும் அறிவியலும் மோதுகின்றன. வயிற்றுப்போக்கு நோயை உண்டாக்கும் ஷிகெல்லா என்னும் பாக்டீரியா மரபணு அடிப்படையில் ஈ. கோலை இனத்துக்குள்ளேயே அடங்குகிறது. ஆனாலும் மருத்துவப் பழக்கம் கருதித் தனிப் பேரினமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. தீக்கோழியில் போக்கு எதிர்த்திசையில் செல்கிறது: நெடுங்காலம் ஒரே இனத்தின் கிளையாகக் கருதப்பட்ட சோமாலித் தீக்கோழி, நீலச்சாயல் கொண்ட கழுத்தும் கால்களும் உடையது, 2014-இல் தனி இனமாக ஏற்கப்பட்டது. நம் கண்ணுக்குத் தெரியும் சிறு வேறுபாட்டுக்குப் பறவைகளில் நாம் புதிய பெயர் தருகிறோம். பாக்டீரியாவில் பறவைகளிடையே காண முடியாத அளவு வேறுபட்டவற்றை ஒரே பெயருக்குள் அடக்குகிறோம். ‘இனம்’ என்ற ஒரே சொல் இரண்டு இடத்திலும் ஒரே பொருளைக் குறிப்பதாக எண்ணிப் புள்ளிவிவரங்களை ஒப்பிடுபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பரிணாமத்தின் வேகமும் அப்படியே. ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-இல் தொடங்கிய நீண்டகாலப் பரிசோதனையில் ஒரே ஈ. கோலை வகையிலிருந்து பிரிந்த 12 கூட்டங்கள் நாள்தோறும் புதிய ஊடகத்துக்கு மாற்றப்பட்டு, 70,000 தலைமுறைகளைத் தாண்டிவிட்டன. 31,000-ஐத் தாண்டிய ஒரு தலைமுறையில், அவற்றில் ஒரே ஒரு கூட்டம் ஆக்சிஜன் உள்ள சூழலில் சிட்ரேட்டை உணவாகக் கொள்ளும் திறனைப் பெற்றது, பொதுவாக ஈ. கோலையை அடையாளம் காண்பதற்கே அந்தத் திறனின்மைதான் ஓர் அறிகுறியாகப் பயன்பட்டு வந்தது. தீக்கோழிக்கு ஒரு தலைமுறை நான்கு ஆண்டு என்று மிகக் குறைத்து மதிப்பிட்டாலும், அதே எண்ணிக்கையிலான தலைமுறைகளுக்கு இரண்டே முக்கால் லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பறவையின் பரிணாமத்தைப் பாறைகளில் தேட வேண்டியிருக்கிறது. பாக்டீரியாவின் பரிணாமத்தை உறைபெட்டியில் சேமித்து, வேண்டியபோது பழைய தலைமுறையை உயிர்ப்பித்து, புதியதோடு போட்டியிட வைக்க முடிகிறது.

இவ்வளவு விலகி நிற்கும் இரண்டும் நேருக்கு நேர் சந்திக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று குடல். தீக்கோழி நார்ச்சத்து மிகுந்த தாவரங்களை உண்கிறது. விழுங்கிய கற்களால் அவற்றை அரைத்து, நீண்ட பெருங்குடலிலும் இரட்டைக் குருட்டுக்குடலிலும் நுண்ணுயிர்களால் நொதிக்கவைத்து, அவை வெளியிடும் கொழுப்பு அமிலங்களிலிருந்து தன் ஆற்றலில் கணிசமான பங்கைப் பெறுகிறது. இந்த நொதித்தலைச் செய்பவை பெரும்பாலும் ஆக்சிஜன் ஆகாத பிற பாக்டீரியாக்கள், ஈ. கோலை அங்கு எண்ணிக்கையில் சிறுபான்மை. இருப்பினும் கசிந்துவரும் ஆக்சிஜனை அது பயன்படுத்தித் தீர்ப்பதால், ஆக்சிஜன் ஆகாதவை செழிக்க உதவுகிறது. குஞ்சுகள் வளர்ந்த பறவைகளின் எச்சத்தைக் கொத்தித் தின்பது அருவருப்பான பழக்கம் அல்ல. செரிமானத்துக்குத் தேவையான நுண்ணுயிர்களைப் பெறும் வழி. அந்தச் சமநிலை அமையும் முன் ஈ. கோலை மிஞ்சிப் பெருகினால், குடல் அழற்சியால் குஞ்சுகள் இறக்கின்றன. பண்ணைகளில் இளங்குஞ்சுகளின் இறப்புக்கு இது அறியப்பட்ட காரணங்களில் ஒன்று.

மற்றொன்று முட்டை. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓடு எடை தாங்குவதற்கு வலுவானது. ஆனால் கரு சுவாசிப்பதற்கான நுண்துளைகள் அதில் இருந்தாக வேண்டும், ஒரு துளையின் குறுக்களவு பாக்டீரியாவின் குறுக்களவைவிடப் பெரிது. ஆகவே உண்மையான காவல் வெள்ளைக்கருவில் அமைந்திருக்கிறது. அதிலுள்ள லைசோசைம் என்னும் நொதி பாக்டீரியாவின் செல்சுவரை அறுக்கிறது. ஈ. கோலைக்கு அந்தச் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு இருப்பதால் அது எளிதில் அறுபடுவதில்லை. இரண்டாம் அரணாக, வெள்ளைக்கருவில் உள்ள ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் இரும்பு அணுக்களை இறுகப் பற்றிக்கொண்டு, நுழைந்த பாக்டீரியாவைப் பட்டினி போடுகிறது. ஈ. கோலை அதற்கும் ஒரு விடை வைத்திருக்கிறது: என்ட்ரோபாக்டின் என்னும் சிறு மூலக்கூறைச் சுரந்து, அறியப்பட்ட எந்தப் பொருளைவிடவும் வலுவாக இரும்பைப் பற்றி, தன் சவ்வு வழியே உள்ளே இழுத்துக்கொள்கிறது. பறவையின் புரதமும் பாக்டீரியாவின் மூலக்கூறும் ஒரே அணுவுக்காகப் போட்டியிடும் அந்த இடத்தில் உடலின் எடைக்கு எந்த மதிப்பும் இல்லை. எந்தப் பக்கம் வெல்லும் என்பது எத்தனை செல்கள் உள்ளே நுழைந்தன, ஓடு எவ்வளவு ஈரமாக இருந்தது என்பதைப் பொறுத்தது: சூடான முட்டை ஈரத்தோடு குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ஓட்டின் மேல் படிந்த நீரைத் துளைகள் வழியாக உறிஞ்சுகிறது, அந்த நீரோடு பாக்டீரியாவும் உள்ளே போகிறது. குஞ்சு பொரிப்பகங்களில் முட்டைகளை உலர்ந்த நிலையில் சேகரிப்பதற்கும், கழுவ நேர்ந்தால் முட்டையைவிடச் சற்றுச் சூடான நீரையே பயன்படுத்துவதற்கும் காரணம் இதுவே.